ஓய்ரிக்கின் கிளட்ச்

எங்கள் தீவில் எண்பத்தேழு பேர். பாதிப் பேருக்கு மேல் ஒரே குடும்பப் பெயர் என்பதால் பட்டப்பெயர் இல்லாமல் யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. யார் வைத்தார்கள் என்று கடைசிவரை தெரியாது. ஒருநாள் கடையில் யாரோ சொல்வார்கள், அதன்பின் கல்லறைவரை அதுதான். என் அப்பா டோர்மொட்டுக்கு 'ஆணி' என்று பெயர். பக்கத்து வீட்டுப் பெண் ஓய்ரிக்குக்கு 'நியூட்ரல்'. கல்யாணம் ஆகவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை. முன்னாலும் நகராத, பின்னாலும் நகராத வண்டி என்று அர்த்தம். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவர் திரும்பிப் பார்ப்பார். வேறு என்ன செய்வது?

பிறக்கும்போதே அவருடைய இடது இடுப்பெலும்பு குழியைவிட்டு விலகியிருந்தது. பார்க்கவேண்டிய மருத்துவர் அக்கரையில் இருந்தார். அந்த மாதம் முழுக்க அட்லாண்டிக்கில் புயல், படகு ஓடவில்லை. பிறகு பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகவே வளர்ந்தது. காரில் இடது காலுக்கு இருக்கிற ஒரே வேலை கிளட்ச் மிதிப்பது. முப்பத்தோரு வயதில் அவர் ஓட்டுநர் உரிமத்துக்குப் போனபோது ஊரே சிரித்ததாக அம்மா சொல்லியிருக்கிறார். ஓய்ரிக் கரையில் ஒதுங்கிய ஒரு மரத்துண்டை எடுத்து, பெடல் அளவுக்கு அறுத்து, இரண்டு போல்ட் போட்டு கிளட்ச் பெடலின்மேல் முடுக்கினார். மூன்றாம் முறை தேறினார். "கடலே அவளுக்குக் கால் அனுப்பிருச்சு" என்று அப்பா கடையில் சொன்னாராம். அந்த நகைச்சுவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டி ஒரு பச்சை எஸ்டேட் கார், பின்பக்கம் நீண்டு அங்கேயும் கதவு வைத்த வகை. நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் செய்தது. தீவைவிட்டுப் போன ஓர் ஆசிரியரிடமிருந்து வாங்கினார். அதை வைத்துத்தான் அவருக்குப் பள்ளி ஓட்டம் கிடைத்தது: காலையில் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றிப் படகுத்துறையில் விடுவது, மாலையில் படகிலிருந்து இறங்கும் பிள்ளைகளை வீட்டில் சேர்ப்பது. உள்ளாட்சிக் கவுன்சில் சம்பளம் கொடுத்தது. பதினாறு வருடம். அதில் ஆறு வருடம் நான் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். என் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த வண்டி ஒருநாள்கூட நின்றுபோனதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். இப்படி எழுதும்போது ஏதோ கடனைத் தீர்ப்பதுபோல இருக்கிறது. தீரவில்லை.

செகண்டிலிருந்து தேர்டுக்கு மாற்றும்போது நாங்கள் யாரும் பேசக்கூடாது. கியர்பாக்ஸில் அந்த இடத்து வளையம் தேய்ந்துபோயிருந்தது. இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு, கிளட்சை இருமுறை மிதித்து, சரியான நொடியில் தள்ளினால்தான் கியர் விழும். ஒவ்வொரு செப்டம்பரிலும் கிளட்ச் கேபிளைக் கழற்றி, ஷெட்டின் உத்தரத்தில் தொங்கவிட்டு, மேல் நுனியில் புனல் வைத்து எண்ணெய் ஊற்றுவார். கீழ் நுனியில் சொட்டும்வரை விடமாட்டார். உப்புக்காற்று கேபிளைத் தின்றுவிடும். கியர்பாக்ஸ் எண்ணெயைக் கேக் தட்டில் இறக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மஞ்சளாக மினுங்கினால் பித்தளை, வளையம் தேய்கிறது. வெள்ளையாக மினுங்கினால் இரும்பு, பல் போகிறது. ஒருமுறை எனக்குக் காட்டினார். "மஞ்சளா இருக்கிறவரைக்கும் பயமில்ல" என்றார். தீவில் வேறு யாருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் விருப்பமும் இல்லை. கிளட்ச் போனால் மற்றவர்கள் வண்டியை ஒரு பள்ளத்தில் தள்ளிவிட்டு இன்னொரு பழைய வண்டி வாங்குவார்கள். எங்கள் மாதிரிச் சின்னத் தீவுகளில் வண்டிக்கு வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டினாலும் கேட்பாரில்லை.

போன வருடம் அது மாறியது. எல்லோருக்கும் அல்ல, பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு மட்டும். அக்கரைக்கு எடுத்துப்போய்ச் சோதனை செய்து சான்றிதழ் வாங்கித் தரவேண்டும். கடைசி நாள் அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. தராவிட்டால் ஓட்டம் வேறு ஆளுக்கு.

நான் ஜூனிலேயே பட்டத்தோடு திரும்பியிருந்தேன். தத்துவம் படித்திருந்தேன். வேலை இல்லை. தீவில் அந்தப் படிப்புக்கு இருந்த ஒரே பயன், மற்றவர்களுடைய படிவங்களை நிரப்புவது. ஓய்ரிக் தன் படிவத்தை நிரப்ப வரச் சொன்னபோது அது எனக்குப் புதிதல்ல. அதே படிவத்தை இரண்டு வாரம் முன்புதான் அப்பாவுக்காக நிரப்பியிருந்தேன். அப்பா செகண்ட் ஹேண்டில் ஒன்பது சீட் வேன் வாங்கியிருந்தார். அதற்குச் சான்றிதழும் கொடுத்தாகிவிட்டது. அப்பாவும் அந்த ஓட்டத்துக்கு மனுப்போட்டிருப்பதை நான் ஓய்ரிக்கிடம் சொல்லவில்லை. அப்பாவின் ரகசியம் என்று நினைத்தேன். யாருடைய ரகசியத்தைக் காக்கவேண்டும் என்று எனக்கு அப்போது ஒரு கணக்கு இருந்தது போலிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் ஓய்ரிக்கின் ஷெட்டில் உட்கார்ந்து எழுதினேன்.

"எழுதிக்கோ டொலினா, கிளட்ச் வழுக்குது."

"அதெல்லாம் இதுல கேக்கல."

"கேக்கலன்னா எழுதாத. உன்கிட்ட சொல்றேன், அவ்வளவுதான்."

இன்ஜினுக்குப் பின்னால் ஓர் ஆயில் சீல் கசிகிறது. எண்ணெய் கிளட்ச் தட்டில் இறங்கி, பிடிக்கவேண்டியது வழுக்குகிறது. புதிய சீல் வரவழைத்திருந்தார். அன்றைய கடைசிப் படகில்தான் வந்துசேர்ந்தது, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு ரப்பர் வளையம். அதை மாட்ட கியர்பாக்ஸை இறக்கவேண்டும். அவர் தனி ஆளாகச் செய்தால் ஒன்றரை நாள். சோதனைக்குக் கிடைத்த நேரம் திங்கள் மதியம் இரண்டு மணி. இடையில் ஞாயிறு.

"நாளைக்கே செஞ்சா என்ன?" என்றேன்.

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தார். "அங்க போய்ப் படிச்சதுல ஞாயித்துக்கிழமையையும் தொலைச்சிட்டியா?"

"யாரு பாக்கப் போறாங்க?"

"என் ஷெட்டுல ஸ்பானர் கீழ விழுந்தா உங்க வீட்டுல கேக்கும். கர்த்தரோட நாள்ல ஸ்பானர் புடிச்சவ வண்டியில யாரு பிள்ளைய ஏத்துவா? அதவிட, எனக்கே புடிக்கல. விடு."

அதற்குப் பதில் வேறொன்று செய்திருந்தார். கிளட்ச் பெட்டியின் கீழ்த் துவாரம் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சித் தட்டைக் கழுவி, எண்ணெய் உறிஞ்சும் களிமண் பொடியை ஊதி உள்ளே விட்டிருந்தார். ஒரு நாள் தாங்கும் என்றார்.

"சோதனை பண்றவன் தட்டையான ரோட்டுலதான் ஓட்டிப் பாப்பான். அதுக்குப் புடிக்கும். அக்கரைத் துறைச் சரிவுதான் பயம். திங்கக்கிழமை பெரிய வத்தம், தண்ணி எறங்கி சரிவு நீளமாயிரும். ஒரே மூச்சுல ஏறிட்டா ஏறிடும். நடுவுல நின்னு மறுபடி கெளம்பணும்னா முடியாது. சூடாயிரும், போச்சு."

"நிக்காம போங்க."

"நான் நிக்கமாட்டேன். முன்னால போறவன் நிக்காம இருக்கணுமே. அதனால முன்னால யாரும் இருக்கக்கூடாது. கடைசியா ஏறப்போறேன்."

எங்கள் படகுக்கு வண்டி ஏறவும் இறங்கவும் ஒரே வாய்தான். துறைச் சரிவில் பின்னோக்கி இறங்கித்தான் ஏறவேண்டும், அக்கரையில் முன்னோக்கி வெளியேறவேண்டும். கடைசியாக ஏறியவர் முதலில் இறங்குவார். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. பிற்பாடு இதை எனக்குச் சாதகமாகப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். சாதகமாக வரவில்லை. சொல்லவேண்டிய தேவை இருப்பதாக அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம். பேசுவது பாவமில்லை. தேவாலயம் முடிந்து வந்து, சனிக்கிழமையே சமைத்து வைத்த ஆட்டுக்கறி சூப்பையும் உருளைக்கிழங்கையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"நேத்து நியூட்ரல் வீட்டுல உனக்கு என்ன வேலை?" என்றார் அப்பா.

ஜூனில் வந்த முதல் வாரம், "நாலு வருஷம் என்னதான் படிச்ச, சுருக்கமாச் சொல்லு" என்று கேட்டிருந்தார். நான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் எழுந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார். அதன்பின் எங்களுக்குள் பேச எதுவும் இருக்கவில்லை. இன்று கிளட்ச் என்று சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார். அப்படி அவர் என் பேச்சைக் கேட்டு எனக்கு நினைவில்லை. உப்புக் குப்பியை இன்ஜின் என்று வைத்தேன். தட்டின்மேல் தட்டு வைத்துக் கிளட்ச் காட்டினேன். எண்ணெய் எப்படி இறங்குகிறது என்று சூப்பைச் சொட்டவிட்டுக் காட்டினேன். அப்பா நல்ல கேள்விகள் கேட்டார்.

"அப்ப எப்படி டெஸ்டுக்குக் கொண்டுபோவா?"

"கடைசியா படகுல போய், முன்னால யாரும் இல்லாம ஒரே மூச்சுல ஏறிடலாமாம்."

"நடுவுல நின்னா?"

"நின்னா போச்சு."

"அப்படியா," என்று தலையாட்டினார். "நல்லா வெவரமாச் சொல்ற. படிச்சது வீண்போகல." பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்தவங்க வண்டி நமக்கு எதுக்கு" என்று மட்டும் சொன்னார். நான் அந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டேன்.

திங்கள் காலை அப்பா வேனில் டிரெய்லரை மாட்டி எட்டுச் செம்மறிகளை ஏற்றினார். சந்தை செவ்வாய்க்கிழமைதான். ஒருநாள் முன்பே கொண்டுபோய் அக்கரைச் சந்தைத் திடலில் விட்டுவிடலாம் என்றார். "நீயும் வா. சும்மாதானே இருக்க." போனேன்.

படகு பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டு மணிக்கே ஓய்ரிக்கின் பச்சை வண்டி சரிவின் மேல் முனையில் நின்றது, கழுவித் துடைத்து. தபால் வேன் முதலில் பின்னோக்கி இறங்கிப் படகில் ஏறிவிட்டது. ஓய்ரிக் நகரவில்லை. அப்பா எங்கள் வண்டியைத் துறைக்குக் கொண்டுபோகாமல் கடையின் பின்சுவருக்கு மறைவாக நிறுத்தினார்.

"இங்க ஏன் நிக்கிறோம்?" என்றேன்.

"ஆடுங்க மூச்சு வாங்கட்டும்."

ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

சுவரின் ஓரமாக எட்டிப் பார்த்தால் துறை தெரிந்தது. படகு ஊழியன் ஈவர் கையை வீசிக்கொண்டிருந்தான். "நியூட்ரல்! ஏறுறியா, இல்ல அங்கயே குடியிருக்கப்போறியா? வத்தம் உனக்காக நிக்குமா?"

"வேற யாராவது வர்றாங்களா?" என்று ஓய்ரிக் கேட்டது காற்றில் எங்களுக்கே கேட்டது.

"வேற யாரு வர்றா? ராஜா வர்றாரு, சிவப்புக் கம்பளம் விரிச்சுட்டு நில்லு! ஏறும்மா!"

படகின் பலகையைத் தூக்கும் சங்கிலியை ஈவர் பிடித்து இழுக்கப் போனபிறகுதான் அவர் இன்ஜினைக் கிளப்பினார். கண்ணாடியை மட்டும் பார்த்து, ஒருமுறைகூடத் திருத்தாமல், பாசி படிந்த அந்த நீண்ட சரிவில் நேர்கோடாகப் பின்னோக்கி இறங்கிப் படகில் நின்றார். தீவில் யாரும் அவ்வளவு சுத்தமாக இறக்கமாட்டார்கள். அப்பாகூட வாய்க்குள் ஏதோ முனகினார். பிறகு கியரைப் போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே துறைக்கு வந்தார்.

"வந்துட்டேன், வந்துட்டேன்! ஈவரு, ஆணிக்கு ஒரு எடம் வெச்சிருக்கியா?"

ஈவர் சிரித்துக்கொண்டே சங்கிலியை விட்டான். இடம் ஏற்கெனவே இருந்தது.

கடக்க இருபத்தைந்து நிமிடம். ஓய்ரிக் வண்டியைவிட்டு இறங்கவில்லை. அப்பா போய் அவருடைய ஜன்னலைத் தட்டினார். நான் வேன் கதவில் சாய்ந்து நின்றேன்.

"என்ன நியூட்ரல், வண்டி ஞானஸ்நானத்துக்குப் போற மாதிரி பளபளங்குது?"

"உன் ஆடுங்களும்தான் பளபளங்குது. யாருக்குப் பொண்ணு பாக்கப் போற?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஓய்ரிக்கும் கொஞ்சம் சிரித்தார். பிறகு ஜன்னலை முழுக்க இறக்கினார்.

"டோர்மொட், ஒரு உதவி."

"சொல்லு."

"மேல போனதும் நிக்காம ஓரமாப் போயிரு. என் கிளட்ச் சரியில்ல. நடுவுல நின்னா என்னால கெளம்ப முடியாது."

இவ்வளவு நேராகக் கேட்பார் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி முகம் மாறியது. அந்த ஒரு நொடியில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"என்னை என்னன்னு நெனச்ச?" என்றார் அப்பா. "நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன். நீ நிம்மதியா வா."

"ரொம்ப நன்றி" என்றார் ஓய்ரிக். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

அக்கரையில் கடல் அடியோடு வற்றியிருந்தது. மற்ற நாட்களில் தண்ணீருக்குள் கிடக்கும் சரிவின் கீழ்ப்பகுதி முழுக்க வெளியே தெரிந்தது, பச்சை வழவழப்போடு. படகின் பலகை அந்த வழவழப்பின்மேல் இறங்கியது. அப்பா முதலில் புறப்பட்டார். ஓய்ரிக் அவசரப்படவில்லை. பக்கக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. நாங்கள் பாதி தூரம் ஏறும்வரை அவர் படகிலேயே இருந்தார். முக்கால் தூரம் ஏறும்வரை இருந்தார். தபால் வேன்காரன் பின்னால் ஹாரன் அடித்தான், ஈவர் கையை வீசினான், அப்போதும் இருந்தார். எங்கள் வேன் மேலே ஏறி, டிரெய்லரின் மூக்கும் விளிம்பைத் தொட்டபிறகுதான் புறப்பட்டார். பச்சை வண்டி சீராக, சத்தம் மாறாமல் வந்தது. பின்னாலேயே தபால் வேனும் பலகையைத் தாண்டிச் சரிவுக்கு வந்துவிட்டது.

அப்பா பிரேக்கை மிதித்தார்.

வேன் மேலே தட்டையான இடத்தில். டிரெய்லர் இன்னும் சரிவின் வாயை அடைத்தபடி. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

"அப்பா."

"டிரெய்லர் கொக்கியில ஏதோ சத்தம். பாத்துட்டு வர்றேன்."

மெதுவாக நடந்தார். பின்கதவின் கொக்கியை எடுத்தார், போட்டார். ஆடுகளை உரக்க எண்ணினார். எட்டுவரை எண்ணி, திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினார். நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓய்ரிக் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. எங்கள் வேனின் பக்கக் கண்ணாடியைத்தான் பார்த்தார், அதற்குள் என் முகத்தை. கோபமாகத் தெரியவில்லை. எதையோ கூட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கூட்டி முடித்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

அப்பா வந்து ஏறி வேனை நகர்த்தி ஓரமாக நிறுத்தினார். இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு சரிவின் மேல் முனையில் நின்றார். துறையில் நின்ற நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

முதல்முறை இன்ஜின் உறுமியது, வண்டி ஓர் அடி ஏறி நின்றது. இரண்டாம் முறை அரை அடி. மூன்றாம் முறை இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியது. பானட்டுக்குக் கீழிருந்து புகை, பிறகு அந்த நாற்றம், கருகிய முடியும் ரப்பரும் கலந்தது. பின்னால் போகவும் வழியில்லை, தபால் வேன் ஒட்டி நின்றது.

"இன்னும் மிதி, நியூட்ரல்! கட்டைக்கால் பத்தலயா?" என்று ஈவர் கீழேயிருந்து கத்தினான்.

"ரெண்டு கட்டையா வெச்சிருக்கணும்" என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எல்லோரையும்விடக் குறைவாகத்தான் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அதை இங்கே எழுதி எனக்கு ஒரு பயனும் இல்லை.

ஒரு மீனவர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்து மேலே விட்டார். அதற்குள் ஒன்றரை மணி ஆகிவிட்டது. அப்பா ஆடுகளைச் சாக்காகச் சொல்லிக் கிளம்பினார். நான் முன் சீட்டில் ஏறினேன். அங்கேயே இறங்கி நின்றிருக்கலாமே என்று பிற்பாடு ஒரு தோழி என்னிடம் கேட்டாள். நான் ஏறினேன் என்பதுதான் பதில்.

டிரெய்லரைத் திடலில் விட்டுவிட்டு நாலு மணிக்குத் துறைக்குத் திரும்பினோம். பச்சை வண்டி டிராக்டர் விட்ட இடத்திலேயே இருந்தது. ஓய்ரிக் சோதனைக்கூடத்துக்குப் போன் செய்தாராம். வண்டி வந்தால்தான் பார்க்க முடியும் என்றார்களாம். அடுத்த நேரம் வியாழக்கிழமை. கவுன்சிலுக்கும் போன் செய்தாராம். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான் என்றார்களாம். இதையெல்லாம் ஈவர் சொன்னான், நடித்துக்காட்டிக்கொண்டே.

நாலேகாலுக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தார்கள், ஐந்து பேர். ஒரு பையன் மூக்கைப் பொத்தினான். "என்னடா இது, யாரோ ஆட்டுக் குளம்பைச் சுட்டிருக்காங்க!" மற்றவர்கள் சிரித்தார்கள். காலையில் அவர்களைத் தீவுத் துறையில் இறக்கிவிட்டவர் மூன்றடி தூரத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றார் அப்பா ஓய்ரிக்கிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் இருக்கேன்ல. அந்தப் பக்கம் கயிறு போட்டு இழுத்துடறேன். அண்டை வீட்டுக்காரன் எதுக்கு இருக்கான்?"

அன்றைக்கு வேறு படகு இல்லை. வேறு வண்டியும் இல்லை.

"நன்றி, டோர்மொட்."

"ஆங்? காத்துல கேக்கல."

"நன்றின்னு சொன்னேன்."

கீழ்நோக்கிப் போவதற்குக் கிளட்ச் தேவையில்லை. பிரேக்கில் காலை வைத்துப் பின்னோக்கி உருட்டிப் படகில் கொண்டுவந்து நிறுத்தினார், மதியத்தைப் போலவே நேர்கோடாக. அவருக்கு முன்னால் எங்கள் வேன்.

எங்கள் தீவின் துறையில் கடல் ஏறியிருந்தது, சரிவு குறைவு. ஆனாலும் சரிவுதான். அப்பா கயிற்றை வேனின் பின் கொக்கியில் மாட்டி, மறுமுனையைப் பச்சை வண்டியின் முன்னால் கட்டினார். பிள்ளைகள் பையோடு நின்றார்கள். மற்ற நாட்களில் ஓடிப்போய் எஸ்டேட்டின் பின்கதவைத் திறப்பார்கள். இன்று என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் பெயாக் என்ற பன்னிரண்டு வயதுப் பெண் ஜன்னலருகே போனாள்.

"ஓய்ரிக், நாங்க எதுல ஏறணும்?"

அப்பா கயிற்றில் முடிச்சுப் போடுவதுபோல் குனிந்தே இருந்தார். அதையும் ஓய்ரிக்கையே சொல்லவைத்தார்.

"வேன்ல ஏறுங்க" என்றார் ஓய்ரிக். "பெல்ட் போடுங்க. சின்னவன ஜன்னல் பக்கம் உக்கார வைங்க, அவனுக்கு வாந்தி வரும்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேன்தான்."

ஏறினார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏ படிச்சவளே! சும்மா நிக்காத. பின்னால போய்த் தள்ளு. பாசி வழுக்குது."

போனேன். பச்சை வண்டியின் பின்கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன். தகரம் குளிர்ந்திருந்தது. வேன் நகர, கயிறு தண்ணீரைச் சொட்டிக்கொண்டு விறைத்தது. நான் காலை ஊன்றித் தள்ளினேன். உடம்பில் இருந்த எல்லா பலத்தையும் போட்டுத் தள்ளினேன். இவ்வளவு தள்ளினால் ஏதாவது சரியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஓட்டுநர் ஜன்னல் திறந்திருந்தது.

"டொலினா."

"இருக்கேன், தள்ளிட்டுதான் இருக்கேன்."

"கையை எடு."

"தள்ளலன்னா வழுக்கும்—"

"கயிறு இழுக்கும். உங்கப்பன் இழுக்கட்டும், அவன் யாருன்னு எனக்கு எப்பவும் தெரியும். நீ கையை எடு."

குரல் உயரவில்லை. பின் சீட்டில் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளையை அடக்குகிற குரல்தான், எனக்கு ஆறு வருடம் பழக்கமான குரல்.

கையை எடுத்தேன். வண்டி நிற்கவில்லை. வழுக்கவும் இல்லை. கயிற்றின் நீளத்துக்கு வேனைத் தொடர்ந்து மேலே ஏறி, வளைந்து, ஊர்ச்சாலையில் போனது. நான் சரிவில் நின்றேன். வேனின் பின்கண்ணாடியில் ஐந்து பிள்ளைகளும் திரும்பி மண்டியிட்டு, கயிற்றின் மறுமுனையில் வருகிறவரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள். யாரும் பெல்ட் போட்டிருக்கவில்லை.